காட்டுவது வேறு, திருத்துவது வேறு

கணிப்பொறியில் நாளும் நேரமும் பார்ப்பதற்கென்று ஒரு சிறு கட்டளை உண்டு. 'டேட்' என்பது அதன் பெயர். லினக்ஸ் முதலான யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில், கட்டளை வரியில் அந்த ஒரு சொல்லைத் தட்டினால் போதும். கிழமை, மாதம், தேதி, மணி, நிமிடம், விநாடி, நேர வட்டாரம் ஆகிய எல்லாம் ஒற்றை வரியில் வந்து நிற்கும். 1971 நவம்பரில் வெளியான யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே இக்கட்டளை இடம்பெற்றிருக்கிறது. அதன்பின் எத்தனையோ மென்பொருள்கள் தோன்றி மறைந்துவிட்டன. இது மட்டும் பெயர்கூட மாறாமல் புழக்கத்தில் இருக்கிறது.

இலக்கியம் பேசும் இடத்தில் இதற்கென்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். வேலை இருக்கிறது என்றே நாம் கருதுகிறோம். ஆண்டுப் பிறப்பு எது, ஆண்டை எப்படி எண்ணுவது, பழைய நூலின் காலத்தை எப்படிக் குறிப்பது என்று தமிழில் நாம் நடத்திவரும் சச்சரவுகள் பலவற்றுக்கும் ஒரு பொதுவான வேர் உண்டு. இந்தச் சிறு நிரல் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கும் இரண்டு செயல்களை நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம்.

டேட் கட்டளைக்கு இரண்டு வேலைகள். ஒன்று நேரத்தைக் காட்டுவது, மற்றொன்று நேரத்தைத் திருத்தி வைப்பது. காட்டுவதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. அந்தக் கணிப்பொறியில் கணக்கு வைத்திருக்கும் கடைசி ஆள் வரை எவரும் கேட்கலாம், எந்த வடிவத்தில் வேண்டுமானாலும் கேட்கலாம். தேதியை முன்னால் போடு, கிழமையை மட்டும் சொல், ஆண்டின் எத்தனையாவது நாள் என்று சொல் என அதனிடம் விதவிதமாகக் கேட்க வழியிருக்கிறது. திருத்தும் வேலை அப்படியன்று. அதற்கு இயந்திரத்தின் முழு அதிகாரமும் பெற்ற நிர்வாகி வேண்டும். சாதாரணப் பயனர் முயன்றால் அனுமதியில்லை என்று ஒரு வரியில் மறுத்துவிடும்.

இந்தப் பாகுபாட்டின் அடியில் ஒரு சிந்தனை இருக்கிறது. இயந்திரத்துக்குள் தேதியும் இல்லை, மாதமும் இல்லை. 1970 ஜனவரி முதல் நாள் நள்ளிரவு தொட்டு, உலகப் பொது நேரப்படி, எத்தனை விநாடிகள் கடந்தன என்ற ஓர் எண் மட்டுமே இருக்கிறது. ஞாயிறு என்பதும், தை என்பதும், மாலை ஐந்தரை என்பதும் அந்த எண்ணின்மேல் போர்த்தப்படும் ஆடைகள். ஆடையை யார் வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். எண்ணைத் தொடுவதற்குத்தான் காவல்.

இதை நடைமுறையில் விளங்கிக்கொள்ளக் கோவைக்கு மேற்கே தொண்டாமுத்தூரை எடுத்துக்கொள்வோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம், நொய்யலின் மேற்பகுதி. அவ்வூர் ஏறத்தாழ 76 பாகை 50 கலை கிழக்கு நெடுங்கோட்டில் இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்ற கணக்கில், கிரீன்விச்சைவிட 5 மணி 7 நிமிடம் 20 விநாடி முந்தியது அதன் சூரிய நேரம். இந்திய நேரமோ ஐந்தரை மணி முந்தியது. ஆக, தொண்டாமுத்தூரின் கடிகாரம் சூரியனைவிட ஏறத்தாழ இருபத்திரண்டே முக்கால் நிமிடம் முன்னால் ஓடுகிறது. நம் பழைய அளவையில் சொன்னால் ஒரு நாழிகைக்குச் சற்றே குறைவு. ஒரு நாழிகை என்பது 24 நிமிடம் அல்லவா? உச்சிப்பொழுது அங்கே சராசரியாக 12 மணி 22 நிமிடத்துக்கு மேல்தான் வருகிறது. அதுவும் ஆண்டு முழுவதும் ஒன்றாக இருப்பதில்லை. பிப்ரவரி நடுவில் 12.37 வரை தள்ளிப்போகும், நவம்பர் தொடக்கத்தில் 12.06-க்கே வந்துவிடும்.

இந்த ஒரு நாழிகை எப்படி வந்தது என்பதற்கும் டேட் கட்டளையிலேயே விடை இருக்கிறது. உலகத்தின் ஒவ்வொரு வட்டாரமும் எந்தெந்த நாளில் கடிகாரத்தை எவ்வளவு மாற்றியது என்ற தரவுத்தளம் ஒன்றைக் கணிப்பொறிகள் வைத்திருக்கின்றன. இந்தியா முழுமைக்கும் அதில் ஒரே பதிவுதான். பெயர் 'ஏசியா/கொல்கத்தா'. கோவையில் உட்கார்ந்திருப்பவரும் அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். 2001-இல் அந்நகரின் பெயர் மாறியது, தரவுத்தளத்தில் 2008-இல் மாறியது. அந்தப் பதிவின்கீழ், 1900-ஆம் ஆண்டின் ஏதேனும் ஒரு நாளைக் காட்டும்படி டேட்டிடம் கேட்டுப் பாருங்கள். இந்திய நேரம் என்று சொல்லாது. 'எம்எம்டி' என்ற மூன்றெழுத்துச் சுருக்கத்தோடு வரும். மெட்ராஸ் மீன் டைம், அதாவது சென்னைச் சராசரி நேரம். கொல்கத்தாவின் பெயர் சூட்டிய அறைக்குள் சென்னையின் கடிகாரம் ஒளிந்திருக்கிறது.

அந்தக் கடிகாரத்தின் தாயகம் நுங்கம்பாக்கம். கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே 1792-இல் வானாய்வுக் கூடம் கட்டியது. அதன் கருங்கல் தூண் ஒன்று தமிழ் உள்ளிட்ட மொழிகளில் பொறித்த எழுத்துகளோடு இன்றும் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. அங்கே பணியாற்றிய ஜான் கோல்டிங்காம் 1802-இல் சென்னையின் நெடுங்கோட்டைக் கணித்து, கிரீன்விச்சுக்கும் சென்னைக்கும் 5 மணி 21 நிமிடங்களும் சில விநாடிகளும் இடைவெளி என்று நிறுவினார். பிற்பாடு இருப்புப்பாதைகள் வந்தபோது அவற்றுக்கு ஒரு பொது நேரம் தேவைப்பட்டது. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இடைப்பட்டதாகவும், தந்தி வழியே நாள்தோறும் அறிவிக்கத்தக்கதாகவும் இருந்த சென்னை நேரமே இந்திய இரயில்களின் நேரமாயிற்று.

சென்னையிலிருந்து பேப்பூர் செல்லும் பாதை 1862-இல் முடிந்தபோது போத்தனூர் வழியாகச் சென்றது. அந்தப் போத்தனூருக்கு மேற்கே, மலையடியில் வாழ்ந்த உழவருக்கு 1900-இல் இரயில் கடிகாரம் அவருடைய சூரியனைவிட 14 நிமிடம் முந்தியது. 1906 ஜனவரி முதல் நாள் இந்தியப் பொது நேரம் வந்தது. இடைவெளி 22 நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது கடிகாரத்தை மேலும் ஒரு மணி முன்னால் தள்ளி வைத்தார்கள். 1942 செப்டம்பரிலிருந்து 1945 அக்டோபர் நடுப்பகுதி வரை அந்த ஏற்பாடு நீடித்தது. அப்போது தொண்டாமுத்தூரில் உச்சிப்பொழுது கடிகாரப்படி பிற்பகல் 1.22-க்கு மேல். போர் முடிந்ததும் மறுபடி பழைய இடம். அரை நூற்றாண்டுக்குள் அந்த ஊரின் நண்பகல் மூன்று முறை இடம் மாறியது. ஒரு முறையும் அந்த ஊரை யாரும் கேட்கவில்லை.

இதைப் படிக்கும்போது உள்ளூர் நேரத்துக்கே திரும்பிவிட வேண்டும் என்ற ஏக்கம் நமக்குள் எழுவது இயல்பு. அந்த ஏக்கத்தோடு நமக்கு உடன்பாடில்லை. ஊருக்கு ஒரு கடிகாரம் இருந்தால் இரயிலும் ஓடாது, மருத்துவமனையும் நடக்காது. தோட்டத்துக்கு மும்முனை மின்சாரம் எந்த மணிக்கு வரும் என்ற அறிவிப்புக்கும் பொருள் இராது. கல்கத்தா 1948 வரையிலும் பம்பாய் 1955 வரையிலும் தத்தம் நேரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன. ஒரே நகரத்தில் இரண்டு நேரங்களோடு அல்லாடியவர்களுக்குத்தான் அதன் இடர்ப்பாடு தெரியும். திருத்தும் அதிகாரம் ஓரிடத்தில், அரிதாகவும் பொறுப்போடும் பயன்படும்படி இருப்பதே முறை. இன்று அது இன்னும் தொலைவுக்குப் போய்விட்டது. இந்தியாவின் பொது நேரத்தைப் புதுதில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகம் அணுக்கடிகாரங்களால் காத்துவருகிறது. நம் மேசையிலுள்ள கணிப்பொறி வலையமைப்பின் வழியே ஏதோ ஒரு சேவையகத்தைக் கேட்டுத் தன்னைத் தானே திருத்திக்கொள்கிறது. 2022 ஏப்ரலில் செர்ட்-இன் அமைப்பு பிறப்பித்த நெறிமுறைகள், சேவை நிறுவனங்கள் எந்த மூலத்தோடு கடிகாரத்தை ஒத்திசைக்க வேண்டும் என்பதையும் வகுத்துவிட்டன. கையால் நேரம் திருத்துவோர் இன்று மிகச் சிலரே.

ஆனால் காட்டும் உரிமை நம்மிடம் இருக்கிறது, அதை நாம் பயன்படுத்துவதில்லை. லினக்ஸ் கணிப்பொறியில் எந்தப் பயனரும், நிர்வாகியின் தயவில்லாமல், தமக்கென ஒரு நேர வட்டாரத்தை ஒரே வரியில் அறிவித்துக்கொள்ளலாம். மூன்றெழுத்தில் ஒரு பெயரும், கிரீன்விச்சுக்கு எவ்வளவு முன் பின் என்ற அளவும் கொடுத்தால் போதும். கிழக்கே இருப்பவர்கள் கழித்தல் குறியிட வேண்டும் என்ற ஒரு விசித்திரம் மட்டும் உண்டு. 5 மணி 7 நிமிடம் 20 விநாடி என்று கொடுத்து டேட்டைக் கேட்டால், தொண்டாமுத்தூரின் சூரிய நேரத்தை அது அப்படியே காட்டும். உள்ளே ஓடும் எண் ஒரு விநாடியும் அசையாது, அண்டை வீட்டாரின் கடிகாரம் எதுவும் குழம்பாது. ஊரின் நேரத்தை மீட்க ஒரு போராட்டமும் வேண்டியிருக்கவில்லை. அது எடுத்துடுத்த ஆளில்லாமல் மடித்து வைக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான்.

தமிழர்களுக்கு இந்தக் கருத்து புதிதன்று. சிவகாசியில் அச்சாகி நம் சுவர்களில் தொங்கும் தினசரித் தாள் நாட்காட்டியைப் பாருங்கள். ஒரே தாளில் ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, இஸ்லாமிய மாதம், திதி, நட்சத்திரம், இராகு காலம், எமகண்டம். பேரூர்ப் பட்டீசுவரர் கோயிலின் பங்குனி உத்திரத்துக்கு நாள் பார்ப்பவரும், வங்கித் தவணைக்கு நாள் பார்ப்பவரும் ஒரே தாளைத்தான் கிழிக்கிறார்கள். நாள் ஒன்று, காட்சிகள் பல. டேட் கட்டளையை வடிவமைத்தவர்கள் இயந்திரத்தில் செய்ததை நம் அச்சகத்தார் தாளில் செய்துகொண்டிருக்கிறார்கள்.

இவ்வளவு தெளிவு சுவரில் தொங்கியும், பொதுவெளியில் நாம் அதைக் கைவிட்டுவிடுகிறோம். தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று தமிழக அரசு 2008-இல் சட்டம் இயற்றியது. 2011-இல் அடுத்த அரசு அதை நீக்கிச் சித்திரைக்கே திரும்பியது. எது சரி என்ற வாதத்துக்குள் நாம் இப்போது நுழையவில்லை. இரு தரப்புக்கும் சொல்வதற்கு நியாயங்கள் இருக்கின்றன. நாம் கவனிப்பது வேறொன்றை. இரண்டு தரப்பும் செய்ய முயன்றது திருத்தம். தம் ஆண்டுப் பிறப்பைக் காட்டினால் போதாது, மற்றது மறைய வேண்டும் என்று கருதினார்கள். ஆனால் வீடுகளில் தைக்குப் பொங்கலும் சித்திரைக்குக் கனி காணலும் முன்புபோலவே நடந்தன. மக்கள் காட்சியோடு நின்றுகொண்டார்கள், ஆணைகள் மட்டும் வந்து போயின.

இந்தக் குழப்பம் இலக்கிய உலகத்திலும் இருக்கிறது, அங்கே அதனால் விளையும் நட்டமும் பெரிது. நம் முன்னோர் ஆண்டுகளைப் பிரபவ முதல் அட்சய வரை அறுபது பெயர்களால் எண்ணினார்கள். அறுபது முடிந்ததும் மறுபடி பிரபவ. கணிப்பொறியாளர்கள் இதை வேறொரு பெயரால் அறிவார்கள். எண்ணி, நிரம்பி, தொடக்கத்துக்கே திரும்பிவிடும் எண்ணி. அவர்களுக்கும் அந்தச் சங்கடம் உண்டு. யூனிக்ஸின் முதல் பதிப்பு காலத்தை விநாடியில் அறுபதில் ஒரு பங்காக எண்ணியது. முப்பத்திரண்டு இருமங்கள் கொண்ட அந்த எண்ணி இரண்டரை ஆண்டுக்குள் நிரம்பிவிடும் என்பதைக் கையேடு எழுதியவர்களே குறித்து வைத்தார்கள். பிற்பாடு முழு விநாடிக்கு மாறினார்கள். அந்த முப்பத்திரண்டு இரும எண்ணியும் 2038 ஜனவரி 19 அன்று இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு நிரம்பிவிடும். ஆகவே புதிய இயந்திரங்களில் அதை அறுபத்து நான்கு இருமமாக்கியிருக்கிறார்கள்.

நம் அறுபதாண்டு எண்ணிக்கு அப்படி ஒரு விரிவு வாய்க்கவில்லை. உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த 1887, சர்வசித்து ஆண்டு. இந்தியா விடுதலை பெற்ற 1947-உம் சர்வசித்து ஆண்டுதான். முகப்புத் தாளில் சர்வசித்து என்று மட்டும் போட்டிருக்கும் ஒரு குறுநூல் கிடைத்தால், அது எந்தச் சர்வசித்து என்று தாளும் அச்செழுத்தும் வைத்துத்தான் துப்பறிய வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் நூல்களோடு பழகியவர்களுக்கு இந்தத் துப்பறிதல் பழக்கமான வேலை.

இங்கேதான் மறுபதிப்பாளர்கள் காட்டுவதை விட்டுத் திருத்தத் தொடங்குகிறார்கள். பழைய முகப்பில் இருந்த ஆண்டுப் பெயரை எடுத்துவிட்டு, தாம் கணித்த ஆங்கில ஆண்டை மட்டும் அச்சிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. கணிப்புச் சரியாயிருந்தால் தப்பிக்கலாம். அறுபதாண்டு பிசகினாலோ, ஏப்ரலுக்கு முந்தைய மாதங்களால் ஓராண்டு பிசகினாலோ, அடுத்து வருபவர் சரிபார்க்க மூலம் இராது. உள்ளே இருந்த எண்ணையே மாற்றிவிட்டார்கள். மூலத்தில் இருந்ததை இருந்தபடி வைத்து, பக்கத்தில் நம் கணக்கைக் காட்டியிருந்தால் இந்த இழப்பு நேராது.

இணையத்தில் எழுதுவோருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். தமிழ் இணையத்தின் தொடக்க ஆண்டுகளில் எழுதியவை பலவும் ஜியோசிட்டீஸ் போன்ற இலவச இடங்களில் இருந்தன. 2009 அக்டோபரில் அது மூடப்பட்டது. எவரோ பிரதியெடுத்து வைத்ததால் பிழைத்தவையே இன்று கிடைக்கின்றன. ஒரு கோப்பைச் சாதாரணமாகப் பிரதியெடுத்தால் பிரதிக்கு எடுத்த நாளின் தேதியே ஒட்டிக்கொள்ளும், எழுதிய நாள் ஒட்டாது. தாய்ப்பலகையின் மின்கலம் தீர்ந்துபோய், வலையமைப்பும் இல்லாத பழைய கணிப்பொறியானால், 1980 என்றோ 2000 என்றோ தன் கடிகாரம் சொன்னதைக் கோப்பின்மேல் குத்திவிடும். எழுதியவர் கட்டுரையின் அடியில் நாளைக் குறித்திருந்தால் அது ஒன்றே சான்று. அந்த ஒரு வரியைப் பலரும் எழுதவில்லை. பத்தாண்டு கழித்து எவர் முதலில் சொன்னார் என்ற கேள்வி வரும்போது, இயந்திரத்தின் கடிகாரத்தை நம்பியவர்களிடம் ஆதாரம் இருக்காது.

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, பழைய நூல்களை மறுபதிப்பிடுவோர் மூலத்திலுள்ள ஆண்டுப் பெயரை மாற்றாமல் வைத்து, தம் கணிப்பைத் தனியாகத் தரட்டும். இரண்டாவது, எழுதுவோர் ஒவ்வொருவரும் படைப்பின் உள்ளேயே நாளையும் ஆண்டையும் நான்கு இலக்கத்தில் எழுதட்டும்.

மூன்றாவது, தமிழ்க் கணிமை ஆர்வலர்களுக்கு. லினக்ஸில் தமிழ் வட்டார அமைப்பைத் தேர்ந்தெடுத்து டேட்டைக் கேட்டால் கிழமையும் மாதமும் தமிழெழுத்தில் வருகின்றன, ஆனால் மாதம் ஜனவரி என்றே வருகிறது. தாய்லாந்தின் வட்டார அமைப்பில் புத்த ஆண்டையும், ஜப்பானின் அமைப்பில் பேரரசர் ஆட்சி ஆண்டையும் காட்ட வழி செய்திருக்கிறார்கள். 2019-இல் ஜப்பானில் புதிய பேரரசர் வந்தபோது 'ரெய்வா' என்ற புதிய ஆட்சிப் பெயரும் சேர்ந்துகொண்டது. திருவள்ளுவர் ஆண்டும் தமிழ் மாதமும் ஏன் அவ்வாறு வரக்கூடாது?

இதற்கு ஒரு தடை சொல்வார்கள், அது வலுவான தடையே. கிறித்துவ ஆண்டோடு 31 கூட்டினால் திருவள்ளுவர் ஆண்டு கிடைத்துவிடும், ஆனால் அது பிறக்கும் நாள் ஜனவரி முதல் நாளன்று, தையில். தமிழ் மாதமோ சூரியன் இராசிக்குள் புகும் கணத்தைப் பொறுத்தது. 29 முதல் 32 நாள் வரை நீளும், குறுகும். வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் சில வேளைகளில் ஒத்துப்போவதில்லை. எந்தக் கணக்கை நிரலில் எழுதுவது? இரண்டையும் எழுதுங்கள் என்பதே நம் விடை. கேட்பவர் வேண்டியதைக் கேட்டுப் பெறட்டும். எது உண்மையான பஞ்சாங்கம் என்ற வழக்கு முடியும்வரை காத்திருந்தால் எதுவும் நடக்காது. காட்டுவதற்கு அந்த வழக்கு முடியவேண்டிய கட்டாயமும் இல்லை.

நிழலை அடியால் அளந்து பொழுது சொன்ன தலைமுறை கொங்கு நாட்டில் மறைந்துகொண்டு வருகிறது. கூட்டுக் கிணற்றில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சியவர்களுக்கு ஒரு நாழிகை என்பது ஒரு பாத்திக்கான ஈரம். அவர்கள் அறிந்திருந்த உச்சிப்பொழுதுக்கும் நம் கைப்பேசி சொல்லும் பன்னிரண்டுக்கும் இடையில் இருக்கும் அந்த இருபத்திரண்டு நிமிடங்களை மீட்க ஒரு கடிகாரத்தையும் திருத்த வேண்டாம். ஒரு வரி எழுதினால் போதும். அந்த வரியைத் தமிழில் எழுதுவதற்கான ஆட்கள் நம் வாசகர்களிலேயே இருக்கிறார்கள் என்று நம்புகிறோம்.